பால் கொடுக்கிறேன், ஆனால் நிறை கூடிக்கொண்டே போகிறது

வட்டக்கச்சி ரீச்சர் கேட்டது:

எல்லா அக்காமாருக்கும் வணக்கம். இரண்டு கிழமையாக எழுதுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பிள்ளை நித்திரையாகிவிட்டாள், எழுதுகிறேன்.

எனக்கு 29 வயது, உயரம் 157 சென்ரிமீற்றர். முதல் பிள்ளை, பெண். சீசர் செய்துதான் எடுத்தார்கள். இப்போது அவளுக்கு நாலரை மாதம். இதுவரை ஒரு கரண்டி பால்மா கொடுத்ததில்லை, தாய்ப்பால் மட்டும்தான். பிள்ளை தரிக்கும்போது நான் 58 கிலோ. பெறப் போகிற கிழமை 71. ஆறாவது கிழமை கிளினிக்கில் நிறுத்தபோது 64. அன்றைக்கு எனக்கு நல்ல சந்தோஷம், பால் கொடுத்தால் உடம்பு தானாக வற்றும் என்று எல்லோரும் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். போன கிழமை நிறுத்துப் பார்த்தேன். 69.

வடிவுக்காக மட்டும் நான் கவலைப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகத் தொடங்கி இரண்டு கிழமை, பழைய சட்டை ஒன்றும் கை நுழையவில்லை, அது உண்மைதான். ஆனால் பெரிய பயம் வேறு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஏழாம் மாதத்தில் எனக்குச் சீனி கூட என்று கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்திச் சமாளித்தேன். பிள்ளை பிறந்து ஆறு கிழமையில் சோதித்தபோது சரியாகத்தான் இருந்தது. என் அம்மாவுக்கு 41 வயதில் சீனி வருத்தம் வந்தது. இன்றைக்கு அவருடைய இடது காலில் இரண்டு விரல் இல்லை. புண்ணுக்கு மருந்து கட்டுவது நான்தான். அந்தக் காலைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும்போது என் மகள் ஒருநாள் எனக்கு இப்படிக் கட்டுவாளோ என்று நினைப்பு வரும்.

வீட்டுச் சாப்பாட்டைச் சொல்கிறேன். நாங்கள் மாமியோடு இருக்கிறோம். மாமி என்னைப் பெற்ற மகள் போலப் பார்க்கிறார், அதை முதலில் சொல்லவேண்டும். முதல் 31 நாளும் சரக்குக் கறி, சுறா வறை, உள்ளி போட்ட குழம்பு, விடிய ஒரு முட்டையும் நல்லெண்ணெயும், பின்னேரம் உழுத்தம்மாக் களி என்று ஒரு குறையும் விடவில்லை. துடக்குக் கழித்த பிறகும் அது நிற்கவில்லை. இன்றைக்கும் மத்தியானம் என் கோப்பையில் மூன்று அகப்பை சோறு விழும். நான் கையை நீட்டி மறித்தால், "பிள்ளை, உனக்கில்லை, அவளுக்கு. பால் காணாமல் போயிடும்" என்று இன்னும் அரை அகப்பை வைப்பார். கறி என்றால் மீன் குழம்பு, ஒரு மீன் துண்டு. மரக்கறியும் பழமும் குறைவு. பப்பாசி, வெள்ளரி, பூசணி எல்லாம் குளிர், பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும் என்று தரமாட்டார். நாளுக்கு ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுக்கும்போது பசி வயிற்றைக் கிள்ளும், பக்கத்தில் பிஸ்கட் பெட்டி இருக்கும்.

போன மாதம் நானாகவே சோற்றை முழுதாக நிறுத்தினேன். ஒன்பது நாள். ஐந்தாம் நாள் பின்னேரம் கிணற்றடியில் குடம் தூக்கும்போது கண் இருட்டி, கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். அந்தக் கிழமை பிள்ளையும் இரவெல்லாம் மாறி மாறிக் குடித்தாள். மாமி அழுதார். விட்டுவிட்டேன். பணம் கட்டிப் பார்த்த ஒரு டொக்டர், பாலை நிறுத்தினால்தான் நிறையைக் குறைக்கலாம் என்றார். தெரிந்த ஒருவர் உடம்பு மெலியக் குடிக்கும் தேத்தண்ணித் தூள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டுக்கும் மனம் வரவில்லை.

பாலும் குறையக்கூடாது, நிறையும் குறையவேண்டும். வழி இருக்கிறதா?

*

பரந்தன் தங்கச்சி எழுதியது:

அக்கா, அந்தத் தேத்தண்ணித் தூளைத் தொடாதீர்கள். நான் குடித்தேன். மூன்று நாள் வயிற்றால் போனது, இரண்டு கிலோ குறைந்தது. நாலாம் நாள் நிறுத்தினேன், அந்த இரண்டு கிலோவும் அப்படியே திரும்பி வந்தது. போனது தண்ணிதான். என் மகனுக்கும் அந்த நாட்களில் வயிறு இளகியது. இன்றைக்கு நினைத்தாலும் மனம் பதறுகிறது.

*

ஓய்வுபெற்ற மிட்வைஃப், முள்ளியவளை எழுதியது:

ரீச்சர், முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைப் பார்த்தவள் நான். நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். முதலில் உங்கள் கணக்கையே உங்களுக்குத் திருப்பிக் காட்டுகிறேன்.

58இலிருந்து 71, அதாவது 13 கிலோ. உங்களைப் போல அளவான நிறையோடு கர்ப்பமான பெண் பதினொன்றரை கிலோவிலிருந்து 16 கிலோ வரை கூடலாம். நீங்கள் சரியாகத்தான் கூடினீர்கள். ஆறு கிழமையில் 64க்கு வந்ததும் நல்ல இறக்கம். ஆகவே பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்த நிறையில் பெரும்பங்கு போய்விட்டது. இப்போது இருக்கும் ஐந்து கிலோ அதற்குப் பிறகு வந்தது. அது கர்ப்பத்தின் நிறையும் இல்லை, பாலின் குற்றமும் இல்லை. இது விளங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

சாப்பாட்டுக்கு வரமுன் மூன்று கேள்வி. ஒன்று, ஆறாவது கிழமையில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்ன எடுத்தீர்கள்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டிப்போ ஊசி என்றால், சிலருக்கு அதில் பசி கூடி நிறை ஏறும். எல்லோருக்கும் இல்லை, ஆனால் உங்கள் நிறை திரும்பிய காலம் அதோடு பொருந்தினால் கிளினிக்கில் சொல்லுங்கள். கருப்பையில் வைக்கும் லூப் இருக்கிறது, கையில் வைக்கும் குச்சி இருக்கிறது, மாற்றலாம். மாற்று வழி இல்லாமல் ஊசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சீசர் வெட்டு ஆற முதல் அடுத்தது தரித்தால் பெரிய கரைச்சல்.

இரண்டாவது, தைரொயிட். பிள்ளை பிறந்த முதல் வருடத்துக்குள் சில தாய்மாருக்குத் தைரொயிட் சோம்பிவிடும். நிறை கூடும், களைப்பு, முடி கொட்டும், மனம் சோரும். எல்லோரும் அதைப் பிள்ளைப்பேற்றுக் களைப்பு என்று விட்டுவிடுவார்கள். ஒரு இரத்தப் பரிசோதனை போதும். மூன்றாவது, சீனி. ஆறு கிழமையில் சரி என்று வந்ததோடு விட்டுவிடாதீர்கள், வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கர்ப்பத்தில் சீனி வந்தவருக்குப் பின்னாளிலும் வரும் வாய்ப்பு அதிகம். அதைக் குறைக்கும் வழிகளில் ஒன்றுதான் பால் கொடுப்பது. பாலை நிறுத்தச் சொன்னவர் உங்கள் பழைய கிளினிக் கொப்பியைப் பார்க்கவில்லை போல. நிறுத்தாதீர்கள்.

சரி, இனிச் சாப்பாடு. பால் மட்டும் குடிக்கும் பிள்ளை நாளுக்கு ஏறத்தாழ முக்கால் லீற்றர் குடிக்கும். அதைச் சுரக்கத் தாய்க்கு நாளுக்கு 500 கலோரியளவு மேலதிகமாக வேண்டும். அதில் ஒரு பங்கைக் கர்ப்பத்தில் சேர்த்த கொழுப்பிலிருந்து உடம்பு தானே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைத்தான் சாப்பாட்டில் கொடுக்கவேண்டும். 500 கலோரி என்றால் என்ன? தேத்தண்ணிக் கப்பால் இரண்டு கப் சோறு 400. அவ்வளவுதான். இப்போது உங்கள் தேத்தண்ணியை எண்ணுங்கள். ஆறு தரம் மூன்று கரண்டி, பதினெட்டுக் கரண்டி சீனி. தட்டையாக அள்ளினாலும் 75 கிராமுக்குக் குறையாது. அது 300 கலோரி. பிள்ளைக்கென்று வேண்டிய மேலதிகத்தில் பாதிக்கு மேல் சீனியாகவே போய்விட்டது. அதற்குமேல் மூன்றரை அகப்பை சோறு, நல்லெண்ணெய், களி, இரவில் பிஸ்கட். நிறை எங்கிருந்து வந்தது என்று நீங்களே பாருங்கள்.

உங்கள் மாமியின் பத்தியத்தை நான் குறை சொல்லமாட்டேன். மீன், முட்டை, உள்ளி, மிளகு, முருங்கை இலை எல்லாம் நல்ல சாப்பாடு. காலங்காலமாகத் தாய்மாரைத் தூக்கி நிறுத்திய சாப்பாடு. ஆனால் அது 31 நாளுக்கு, இரத்தம் போய்ப் படுத்திருக்கும் உடம்புக்கு. ஐந்தாம் மாதத்துக்கு அதே அளவு வேண்டாம். அடுத்தது அந்தக் குளிர்ச் சாமான் கதை. தாய் பப்பாசி சாப்பிட்டால் பிள்ளைக்குத் தடிமன் வராது. தடிமன் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. பழமும் பூசணியும் வெள்ளரியும் விலக்கினால் கோப்பையில் சோறும் குழம்பும்தான் மிஞ்சும், வயிறு நிரம்பச் சோற்றைத்தான் கூட்டவேண்டி வரும்.

நான் சொல்வது இதுதான்: மாமியின் கையை மறிக்காதீர்கள், அகப்பை போகும் சட்டியை மாற்றுங்கள். முதல் அகப்பை சோறு. சோறு இரண்டு கப்புக்கு மேல் வேண்டாம், முடிந்தால் தீட்டாத சிவப்பரிசி. "இன்னும் கொஞ்சம்" என்று அவர் தூக்கும்போது, "மாமி, அந்த முருங்கை இலை வறையைப் போடுங்கோ, பருப்பைப் போடுங்கோ" என்று கோப்பையை நீட்டுங்கள். மீன் ஒரு துண்டை இரண்டாக்குங்கள். இரணைமடுக் குளத்தில் பிடிக்கும் ஜப்பான் மீனை (திலாப்பியா) விலை குறைவு என்று தள்ளாதீர்கள், புரதம் புரதம்தான். சூடையும் நெத்தலியும் கிடைக்கும் நாளில் முள்ளோடு சாப்பிடும் அளவில் சின்னதாகப் பார்த்து வாங்குங்கள், கல்சியம் வரும்.

விடிய வெறும் பாணும் சம்பலும் வேண்டாம். எங்கள் வன்னியில் விளையும் பயறும் கௌபியும் இருக்கிறதே! அவித்துத் தேங்காய்ப்பூ கொஞ்சமாகத் தூவி, ஒரு முட்டையோடு சாப்பிட்டுப் பாருங்கள், பள்ளிக்கூட இடைவேளை வரை பசிக்காது. இடைவேளைக்கு ஒரு கைப்பிடி கச்சான், ஒரு வாழைப்பழம். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எல்லோரும் வாங்கும் அதே கச்சான்தான், ஆனால் ஒரு கைப்பிடியோடு நிறுத்தவேண்டும், அதில் எண்ணெய் கூட. கிளினிக்கில் திரிபோஷா சத்துமா தந்தால் அது உங்களுக்கு, வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடுவதற்கு இல்லை. 50 கிராம், ஏறத்தாழ 200 கலோரி. பின்னேரம் களிக்குப் பதிலாக அதை எடுங்கள், இரண்டையும் சேர்த்து வேண்டாம். சீனி கொட்டிக் குழைக்காதீர்கள்.

இரவு இரண்டு மணிப் பசி பொய்ப்பசி இல்லை. பால் சுரக்கும் உடம்பு கேட்கிறது. அதை அடக்காதீர்கள், பிஸ்கட் பெட்டியை மட்டும் மாற்றுங்கள். படுக்கமுன் ஒரு சின்னக் கிண்ணத்தில் அவித்த கடலையோ தயிரோ மூடி வையுங்கள். தண்ணி தாகத்துக்குக் குடித்தால் போதும். தேத்தண்ணியும் தண்ணியும் கூடக் குடித்தால் பால் கூடும் என்பது சரியில்லை. பாலைக் கூட்டுவது பிள்ளையின் வாய்தான். எவ்வளவு குடிக்கிறாளோ அவ்வளவு சுரக்கும். தேத்தண்ணியை மூன்றாக்கி, கரண்டியை ஒன்றாக்குங்கள். இரும்புச்சத்துக் குளிசை போடும் நேரத்தில் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம், சத்தை உடம்பு எடுக்க விடாது.

சோற்றை முழுதாக நிறுத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை. இனி அப்படிச் செய்யாதீர்கள். பால் கொடுக்கும் உடம்பு மாச்சத்தை வேகமாகச் செலவழிக்கும். அதை முற்றாக நிறுத்திய சில தாய்மாருக்கு இரத்தத்தில் அமிலம் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது என்று வைத்திய இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்லது, அதற்குமேல் அவசரப்படவேண்டாம். நடை தொடங்கலாம். சீசர் வெட்டில் நோவு இல்லை என்றால், பின்னேரம் வெயில் சாய்ந்த பிறகு வாய்க்கால் கரை வழியே இருபது நிமிடம். பால் கொடுத்துவிட்டுப் போனால் மார்பு பாரமில்லாமல் இருக்கும். நடப்பதால் பால் குறையாது.

கடைசியாக, பால் காணுமா என்ற கேள்விக்குத் தராசு உங்களுடையது இல்லை, பிள்ளையுடையது. அவளுடைய பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். கோடு பச்சைப் பகுதியில் மேலே போகிறதா, நாளுக்கு ஆறு தரமாவது சலம் போகிறாளா, குடித்த பிறகு அமைதியாகிறாளா? அவ்வளவும் சரி என்றால் பால் காணும். மாமிக்கும் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுங்கள்.

*

அடம்பன் அம்மா எழுதியது:

நான் மற்றப் பக்கம் நின்று எழுதுகிறேன். என் உயரம் 154, நிறை 41 கிலோ. மூன்றாவது பிள்ளைக்கு ஏழு மாதம். பார்ப்பவர் எல்லாம் "உனக்கென்ன, மூன்று பெற்றும் குமர்ப்பிள்ளை மாதிரி" என்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணித் தாங்கி வரை போய்வந்தால் கால் நடுங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. இவர் கூலி வேலை. மூத்த இரண்டும் சாப்பிட்டு, இவரும் சாப்பிட்ட பிறகுதான் நான் சட்டியைப் பார்ப்பேன். மீன் துண்டு இருந்தால் குழம்போடு, இல்லாவிட்டால் குழம்பு மட்டும். பிள்ளை நல்லாகத்தான் வளர்கிறான். ஆகவே நான் எனக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டேன். மிட்வைஃப் அக்கா, மெலிவும் வருத்தமா?

*

ஓய்வுபெற்ற மிட்வைஃப், முள்ளியவளை எழுதியது:

மகள், வருத்தம்தான். உயரத்துக்கு நிறை காணுமா என்று பார்க்கும் BMI கணக்கு உங்களுக்கு 17ஐக் கொஞ்சம் தாண்டுகிறது, பதினெட்டரைக்குக் கீழே என்றால் குறை நிறை. பிள்ளை நல்லாக வளர்கிறான் என்பது உங்களுக்கு ஒன்றுமில்லை என்பதற்கு அடையாளம் இல்லை. தாய் அரைவயிறு சாப்பிட்டாலும் பால் பெரும்பாலும் வற்றாது. உடம்பு தன்னிடம் இருப்பதை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும். கொடுக்கக் கொடுக்க வெறுமையாவது நீங்கள்.

நாளைக்கே உங்கள் பகுதி மிட்வைஃபிடம் நிறையையும் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கால் நடுக்கத்துக்கு இரத்தக் குறைவு காரணமாக இருக்கலாம். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து எடுக்கவேண்டுமா என்றும் கேளுங்கள். வீட்டில் ஒன்று மாற்றுங்கள்: சட்டியிலிருந்து முதலில் உங்கள் பங்கை எடுத்து மூடி வையுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுங்கள். வீட்டில் இரண்டு கோழி இருந்தால் நாளுக்கு ஒரு முட்டை உங்களுக்கு என்று உங்கள் மனுசனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பால் கொடுப்பவள் கடைசியாகச் சாப்பிடுவது பொறுமை இல்லை, பிழை. வேலியில் முருங்கை நிற்கிறதா? அதன் இலைக்குக் காசு தேவையில்லை. ரீச்சருக்கு நான் அளவோடு என்று சொன்ன தேங்காய்ப்பூவும் நல்லெண்ணெயும் கச்சானும் உங்களுக்குக் கூட்டவேண்டியவை.

*

புதுக்குடியிருப்பு அம்மம்மா எழுதியது:

ரீச்சர் பிள்ளை, நான் உங்கள் மாமியின் வயதுக்காரிதான் என்று நினைக்கிறேன். என் மூத்த மகளுக்குப் போன ஆவணியில் குழந்தை பிறந்தது. நானும் அகப்பையோடு நிற்கிறவள். ஏன் நிற்கிறோம் என்று சொல்லவேண்டும் போல இருந்தது.

என் கடைசி மகன் 2009 தை மாதம் விசுவமடுவில் பிறந்தான். பிறந்த சில நாளில் அங்கிருந்து எழும்பினோம். சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பிறகு முள்ளிவாய்க்கால். அரிசியும் உப்பும் தண்ணியும் சேர்ந்த கஞ்சி. சில நாள் அதுவும் ஒரு தரம்தான். பிள்ளைக்குப் பால் வந்தது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் யோசிப்பேன், மிட்வைஃப் அக்கா எழுதியதை வாசித்தபோதுதான் விளங்கியது. பங்கருக்குள் படுத்துக்கொண்டு அவனை மார்போடு வைத்திருக்கும்போது, அவன் உறிஞ்ச உறிஞ்ச என் முதுகெலும்பு வழியே ஏதோ இறங்கிப் போவது போல இருக்கும். செட்டிகுளம் முகாமில் நிறுத்தபோது நான் 38 கிலோ. தலைமுடி கைப்பிடியாக வந்தது, இரண்டு பல் ஆடி விழுந்தது. மகன் இருக்கிறான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிறான், என்னைவிட ஒரு முழம் உயரம்.

பால் கொடுக்கும் ஒரு பிள்ளையின் கோப்பையில் சோறு குறைந்தால் என் கை தானாக எழும்பும். அது சோறு இல்லை பிள்ளை, பயம். உங்கள் மாமி எங்கே நின்றார், என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வன்னியில் அந்த வருடம் நின்றவர் என்றால், ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

என் மகளுக்கும் சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டச் சொல்லி அவளுடைய மிட்வைஃப் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது இரண்டு மீன் துண்டு வைக்கிறேன். வைக்கும்போது கைக்கு ஒரு திருப்தி வருகிறது. அந்தத் திருப்தி சோற்றில்தான் வரவேண்டும் என்றில்லை.

*

வட்டக்கச்சி ரீச்சர் எழுதியது (ஐந்து கிழமைக்குப் பிறகு):

எழுதப் பிந்திவிட்டது, மன்னியுங்கள். பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை, பிறகு பிள்ளைக்கு ஊசி போட்ட காய்ச்சல்.

மிட்வைஃப் அக்கா, நீங்கள் கேட்டது சரி. ஆறாவது கிழமையில் டிப்போ ஊசிதான் போட்டேன். கிளினிக்கில் கதைத்தேன், அடுத்த ஊசிக்கு முன்னதாக லூப் வைத்தார்கள். தைரொயிட் சரி. சீனியும் சரி. அந்தத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் ஓட்டோ ஏறினேன்.

இன்றைக்கு என் நிறை 67.1. பள்ளிக்கூட நாட்களில் ஏழரையிலிருந்து ஒன்றரை வரை பிள்ளை என்னிடம் இல்லை. விடிய ஒரு தரம் பிழிந்து வைத்துவிட்டுப் போகிறேன், இடைவேளையிலும் பிழிகிறேன், பால் குறையவில்லை. போன கிளினிக்கில் அவள் 7.2 கிலோ.

அம்மம்மா எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மாத்தளன் என்ற இடம் வந்ததும் துருவல் நின்றது. நான் முடிக்கும் வரைக்கும் துருவுபலகையில் அப்படியே இருந்தார். பிறகு, "இவனுக்குக் கீழே ஒண்டு இருந்தது, உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கல்யாணமாகி மூன்று வருடம், இவரும் ஒருநாளும் சொன்னதில்லை. மாமிக்கு ஒரு பெண் பிள்ளை இருந்திருக்கிறாள். அந்த வருடம் பங்குனியில் காய்ச்சலில் போய்விட்டாள், எட்டு மாதம். "என்னிட்டப் பால் இருந்திருந்தால்..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தாய் பட்டினி கிடந்தாலும் பால் பெரும்பாலும் வரும், காய்ச்சலுக்கு அந்த நேரம் மருந்து இல்லை, அது உங்கள் பாலின் குறை இல்லை மாமி என்று சொன்னேன். கேட்டாரோ தெரியாது. என் மகள் எழும்பி அழுதாள், மாமிதான் போய்த் தூக்கினார்.

அடுத்த நாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கப் இருந்தது. மாமி அதால் இரண்டு தரம் அளந்து என் கோப்பையில் போட்டார். பிறகு அகப்பையை எடுத்தார். முருங்கை இலை வறை மூன்று அகப்பை. மீன் இரண்டு துண்டு, தலையும் வாலும் தனக்கு என்று ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்து, ஒரு நடுத்துண்டை நான் அவருடைய கோப்பைக்கு மாற்றினேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம்.

பின்னேரம் வாய்க்கால் கரையில் நடக்கிறேன். முதல் கிழமை தனியாகப் போனேன், இப்போது மாமியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதகு வரை வருகிறார், அந்த மதகுக் கட்டின் மேல் இருப்பார், நான் திரும்பி வரும்போது சேர்ந்து வருவோம்.

அடம்பன் அக்கா எப்படி இருக்கிறார்? யாராவது அறிந்தால் எழுதுங்கள்.

மிட்வைஃப் அக்காவிடம் ஒரு கேள்வி, இது மாமி கேட்கச் சொன்னது. வருகிற கிழமை மகளுக்கு ஆறு மாதம், சோறு தீத்தப் போகிறோம். வளவில் நாலு பூசணி முற்றிக் கிடக்கிறது. எனக்குக் குளிர் இல்லை என்று சொன்னீர்களே, பிள்ளைக்கும் கொடுக்கலாமா?

*

அடம்பன் அம்மா எழுதியது:

இருக்கிறேன் ரீச்சர். இரத்தம் குறைவு என்று குளிசை தந்தார்கள். 42.5 கிலோ. முட்டை எனக்கு என்று இவரே எடுத்து வைக்கிறார்.

*

ஓய்வுபெற்ற மிட்வைஃப், முள்ளியவளை எழுதியது:

இரண்டு பேரின் எழுத்தும் கண்டு மனம் நிறைந்தது. ரீச்சர், மாமிக்குச் சொல்லுங்கள்: பூசணி மிக நல்லது. தோல் சீவி, நல்லாக அவித்து, சோற்றோடு மசித்து, கரண்டியிலிருந்து வழுகி விழாத தடிப்பில் கொடுக்கட்டும். முதல் இரண்டு மூன்று நாள் சோறு மட்டும், பிறகு பருப்பு, அதற்குப் பிறகு பூசணி. உப்பு, சீனி வேண்டாம். மிக்சியில் அடிக்கவேண்டாம், கரண்டியால் மசித்தால் போதும். பால் வழமைபோல, இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும்.

அவள் சாப்பாட்டைக் கூட்டக் கூட்ட உங்களுக்கு வேண்டிய மேலதிகம் மெல்லக் குறையும். அப்போது சோற்றுக் கப்பைத் திரும்பப் பார்ப்போம். இன்னும் இரண்டு மாதத்தில் எழுதுங்கள். முதல் கரண்டியை மாமியின் கையால் தீத்தச் சொல்லுங்கள்.